ஹை-ஃப்ளோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: அளப்பதில் தொடங்கி மாட்டி ஓட்டுவது வரை

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்ட காரை ஓட்டியவர்களுக்கு அந்த உணர்வு மறக்காது. 3,000 ஆர்பிஎம் வரை ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும், பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல் வண்டி முக்கும். என் பழைய காருக்கு இது நடந்தது. இக்னிஷன் காயில் ஒன்று போய், மிஸ்ஃபயரோடு ஊர் வந்து சேர்ந்தேன். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருந்த செராமிக் உருகிப் பாதி வழியை அடைத்துவிட்டது. மெக்கானிக் சொன்ன யோசனை: “உள்ள இருக்கறதைத் தட்டி எடுத்துரலாங்க, வண்டி பறக்கும்.” நானும் சரி என்றேன்.

வண்டி வேகமாகத்தான் போனது. ஆனால் ஒரு நாள் காலையில் போர்டிகோவில் வண்டி ஐடிலில் நிற்க, கேட்டைத் திறக்கப் பின்பக்கம் போன அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே இருமினார். அந்தக் காற்றைத்தான் தெரு முழுக்க விட்டுக்கொண்டு போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த கார் வாங்கியபோது, பவரும் வேண்டும், கன்வெர்ட்டரும் வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு வழி, புகையைக் குறைவாகத் தடுக்கும் ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர். அதன் பிறகு கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். கணக்குகளுக்கு உதாரணமாக நம் சாலைகளில் ஓடும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 போன்ற 2 லிட்டர் டர்போ பெட்ரோல் காரை எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

பள்ளிப் புத்தகத்தில் வினையூக்கி மாற்றி என்று படித்திருப்போம். தேன்கூடு போன்ற ஒரு கட்டை, அதன் சுவர்களில் அலுமினா பூச்சு, அந்தப் பூச்சில் மிக நுண்ணிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் துகள்கள். முதல் இரண்டும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் ஆக்சிஜனோடு சேர்த்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ரோடியத்தின் முக்கிய வேலை நைட்ரஜன் ஆக்சைடைப் பிரித்து நைட்ரஜனாக வெளியே விடுவது. மூன்றும் ஒரே பெட்டியில் நடக்க வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் எடைக் கணக்கில் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பூச்சில் சீரியம் ஆக்சைடும் கலந்திருக்கும். கலவை கொஞ்சம் லீன் ஆகும்போது, அதாவது பெட்ரோல் குறையும்போது, அது ஆக்சிஜனைச் சேமித்து, ரிச் ஆகும்போது, அதாவது பெட்ரோல் கூடும்போது, திருப்பித் தரும். இந்தச் சேமிப்புத் திறனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

இந்தப் பெட்டி எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு பவுண்டு காற்று வேண்டும் என்பது டர்போ ட்யூனர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 230 குதிரைத்திறன் என்றால் நிமிடத்துக்குப் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். 800 டிகிரி சூட்டில் அந்தப் புகை விரிந்து, நொடிக்கு ஏறத்தாழ 500 லிட்டராகப் பாய்கிறது. கன்வெர்ட்டர் கட்டையின் கொள்ளளவு ஒரு லிட்டர் என்று வைத்தால், புகை அதற்குள் தங்கும் நேரம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் மூன்று நச்சுகளையும் சுத்தம் செய்தாக வேண்டும். இப்படி ஒரு பொருளைத் தட்டி எடுத்துக் குப்பையில் போட்டேனே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம்

இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோலும் அதோடு சேர்ந்தே வந்தது. இன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு விதியை மீறினால் அது தனிக் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆகவே பொதுச்சாலையில் ஓடும் வண்டியென்றால் ஆர்டிஓ, இன்சூரன்ஸ், வாரண்டி மூன்றையும் கேட்டுத் தெளிவான பிறகு கை வையுங்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ மட்டும் ஓட்ட, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. அப்படிப்பட்ட வண்டியிலும் கன்வெர்ட்டர் இருப்பதுதான் நல்லது என்பேன். பிட் லேனில் நிற்பவர்களுக்கும் நுரையீரல் இருக்கிறது.

முதல் படி: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் வாங்கும் பத்துப் பேரில் ஒருவர்கூடத் தன் பழைய கன்வெர்ட்டர் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பார்த்தவராக இருப்பதில்லை. தடை சைலன்சரில் இருக்கலாம். நசுங்கிய பைப்பில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் கன்வெர்ட்டரை மாற்றினால் பணம் போகும், பவர் வராது.

அளப்பது கடினமில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை, இரண்டிலும் பிரஷர் கேஜ். பல கார்களில் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய இடத்திலேயே மாட்டலாம். அந்த மரை பெரும்பாலும் 18 மி.மீ., 1.5 பிட்ச். கேஜை நேராக மாட்டினால் சூட்டில் கெட்டுவிடும். இடையில் ஒரு மீட்டர் செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றிக்கொள்ளுங்கள். சில டர்போ எஞ்சின்களில் முன் சென்சார், புகை சுழற்றும் டர்போ சக்கரமான டர்பைனுக்கும் முன்னாலேயே இருக்கும். சுபாருவின் இஜே எஞ்சின் அப்படித்தான். அங்கே அளந்தால் டர்பைனுக்கு முன்னுள்ள அழுத்தம்தான் தெரியும், அதிலிருந்து கன்வெர்ட்டரின் தடையைத் தனியாகப் பிரித்தறிய முடியாது. அப்படிப்பட்ட வண்டிகளில் டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பில், கன்வெர்ட்டருக்குச் சற்று மேலே, ஒரு மரைக்கட்டையை வெல்ட் செய்து அளக்க வேண்டும்.

வண்டியை நிறுத்தி வைத்து 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது முன் கேஜ் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அடைப்பில்லாத வண்டியில், டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு பவரை அளக்கும் எந்திரம்) மூன்றாவது கியரில் முழு திராட்டிலில் ஏற்றி இரண்டு கேஜையும் பதிவு செய்யுங்கள். முன் அளவிலிருந்து பின் அளவைக் கழித்தால் வருவதுதான் கன்வெர்ட்டரின் தடை. பின் கேஜில் மீதி நிற்பது சைலன்சரும் பைப்பும் கொடுக்கும் தடை. பின் அளவே பெரிதாக இருந்தால் கன்வெர்ட்டரை விட்டுவிட்டு அங்கே போங்கள். டைனோ அறையில் எக்ஸாஸ்ட் உறிஞ்சி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளைக் கொன்றுவிடும்.

டர்போ இல்லாத எஞ்சினில் நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரை மாற்றினால் கிடைப்பது கொஞ்சம்தான். டர்போவில் கதை வேறு. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்பைன் சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும், டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட் சீக்கிரம் ஏறும். உச்ச குதிரைத்திறனைவிட இந்த மாற்றத்தைத்தான் தினமும் காலுக்கடியில் உணர்வீர்கள்.

இரண்டாம் படி: எதை வாங்குவது

கடையில் போனதும் கேட்பார்கள்: “200 செல்லா, 100 செல்லா?” ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை துளை என்பதுதான் செல் கணக்கு. கம்பெனி கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 400 அல்லது 600 செல். ஹை-ஃப்ளோ என்று விற்பவை 300, 200, 100.

400 செல் செராமிக்கில் சுவரின் தடிமன் சுமார் 0.165 மி.மீ. துளை 1.1 மி.மீ. முகப்பில் நான்கில் மூன்று பங்குதான் திறந்த வெளி. 200 செல் உலோகக் கட்டையில் தகட்டின் தடிமன் 0.05 மி.மீ. அளவுதான், ஆகவே முகப்பில் 90 சதவீதம் திறந்திருக்கும். இந்தச் சிறு துளைகளுக்குள் புகை அமைதியாக, அடுக்கடுக்காக ஓடும். அங்கே தடை துளை அகலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். கணக்குப் போட்டால் அதே அளவுள்ள கட்டையில் 400 செராமிக்கிலிருந்து 200 உலோகத்துக்குப் போகும்போது துளைகளுக்குள் உள்ள தடை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது விட்டம். கொள்ளளவை மாற்றாமல் 100 மி.மீ. விட்டக் கட்டையை 130 மி.மீ. விட்டமாக, குட்டையாக ஆக்கினாலும் தடை ஏறத்தாழ அதே மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். புகை மெதுவாகவும் போகிறது, போக வேண்டிய தூரமும் குறைகிறது. செல்லைக் குறைத்தால் சுத்தம் செய்யும் பரப்பை இழக்கிறோம். விட்டத்தைக் கூட்டினால் அந்த இழப்பு இல்லை. அதனால் இடம் இருந்தால் முதலில் விட்டத்தைக் கூட்டுங்கள். இடம் இல்லாதபோதுதான் செல்லைக் குறைக்க வேண்டும். சாலையில் ஓடும் 2 லிட்டர் டர்போவுக்கு நான் சொல்வது, அகலமான 300 செல்லோ நல்ல பூச்சுள்ள 200 செல்லோ. 100 செல் டிராக் வண்டிக்கு மட்டும் பொருந்தும்.

செராமிக்கா உலோகமா என்றால், டர்போ வண்டிக்கு உலோகம்தான் என் தேர்வு. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த தகடு சூட்டதிர்ச்சியையும் உதறலையும் நன்றாகத் தாங்கும். சீக்கிரம் சூடேறும். செராமிக் மலிவு, ஆனால் மோதினாலோ திடீரென்று தண்ணீர் பட்டாலோ விரிசல் விடும்.

பூச்சில் எவ்வளவு விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 2021 மார்ச்சில் ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரை ஒட்டிப் போனது. அப்படிப்பட்ட பொருளை யாரும் மலிவாகத் தர முடியாது. பெட்டி பளபளவென்று இருந்து விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், உள்ளே இருப்பது பூச்சில்லாத சல்லடை. உற்பத்தியாளர் எந்த எஞ்சின் கொள்ளளவுக்கு, எந்த மாசுத் தரத்துக்குச் சோதித்தார் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

கட்டைக்கு முன்னும் பின்னும் உள்ள கூம்புகளையும் பாருங்கள். 3 அங்குலப் பைப் ஒரே இடத்தில் சட்டென்று அகன்றால் புகை நடுத்துளைகளில் மட்டும் பாயும், ஓரத்துளைகள் சும்மா இருக்கும். நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்துவிடும். மெல்ல விரியும் கூம்பு நல்லது.

மூன்றாம் படி: மாட்டுவது

கம்பெனி எந்த இடத்தில் வைத்ததோ அதே இடத்தில் வையுங்கள். கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரியைத் தொட்ட பிறகுதான் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பிக்கும். டர்போவை ஒட்டி இருந்ததை, இடவசதிக்காக ஒரு மீட்டர் பின்னால் தள்ளினால் சூடேற நேரமாகும். காலையில் கிளம்பும் முதல் சில நிமிடப் புகைதான் மோசமான புகை. அதுவும் வீட்டு வாசலில் விடும் புகை.

எக்ஸாஸ்ட் முழுக்க ஆறட்டும். பழைய போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். வெல்டிங் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, சென்சார்களையும் கழற்றி ஓரமாக வைத்த பிறகே தொடங்க வேண்டும். கன்வெர்ட்டரைத் தனியாக வெளியே வைத்து டிக் வெல்டிங் செய்து, பிறகு ஃபிளாஞ்ச் போல்ட்டில் மாட்டுவது சிறந்தது. நெளியும் பைப்பை வெட்டி எறியாதீர்கள். எஞ்சின் ஆடும்போது அந்த அசைவை அதுதான் வாங்கிக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் வெல்டிங்கில் விரிசல் விழும்.

சென்சாரின் மூக்கு கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட திசையில், மேலிருந்து கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வைத்தால் பைப்பில் சேரும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டு உடைத்துவிடும். மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் தடவுங்கள், மூக்கில் படக் கூடாது. முறுக்குவிசை 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஃபிளாஞ்சில் சாதாரண சிலிகான் சீலண்ட் தடவும் பழக்கம் நம் ஊரில் நிறைய. சிலிகான் ஆவி சென்சாரையும் பூச்சையும் ஒருசேரக் கெடுக்கும். உலோக கேஸ்கெட் போதும்.

சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டாமல் விடுபவர்களைக் கண்டால் எனக்கு மனது பதறும். அறுவடைக் காலத்தில் நம் கிராமத்துச் சாலைகளில் கொள்ளும் சோளமும் காய்வது உங்களுக்குத் தெரியும். அந்தச் செத்தை வண்டிக்கடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்த கார்கள் உண்டு. ஷீல்டு இருந்தாலும் ஆபத்து இருக்கிறது, இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட சாலையைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள்.

மாட்டிய பிறகு எஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள். ஸ்மோக் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. பின் சென்சாருக்கு முன்னால் ஊசி முனையளவு கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். செராமிக் வகை என்றால் பத்து நிமிடம் ஐடிலில் சூடாக்கி, அணைத்து, முழுக்க ஆற விடுங்கள். கட்டையைச் சுற்றியுள்ள பாய் முதல் சூட்டில்தான் விரிந்து இறுகப் பிடிக்கும். அதற்குள் விரட்டினால் கட்டை ஆடத் தொடங்கி நொறுங்கும்.

நான்காம் படி: ட்யூனிங்

கன்வெர்ட்டர்களைக் கொல்வது பெரும்பாலும் ட்யூனிங்தான், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியின் அமைப்புகளை மாற்றுவது. திராட்டிலை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும் சத்தத்துக்காக இக்னிஷனைத் தாமதப்படுத்தி, பெட்ரோலை எக்ஸாஸ்டில் எரிய விடுகிறார்கள். அந்த எரிப்பு நடப்பது கன்வெர்ட்டருக்குள். 900 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, வேலை செய்யும் பரப்பு சுருங்கிவிடும். ஒருமுறை சுருங்கியது திரும்ப வராது. பெட்ரோலை நிறுத்தாமல் இக்னிஷனை மட்டும் வெட்டும் ரெவ் லிமிட்டர் (ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுப்பது), லான்ச் கன்ட்ரோல், ஆன்டி-லேக் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஹை-ஃப்ளோ வாங்க முடிவெடுத்துவிட்டால் இந்தச் சத்தங்களை விட்டுவிடுங்கள்.

ட்யூனரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். சாதாரண ஓட்டத்தில் கலவை 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். இன்றைய இசியூக்கள் (எஞ்சின் கணினிகள்) கன்வெர்ட்டரின் சூட்டைக் கணித்து, அதிகமானால் பெட்ரோலைக் கூட்டிக் குளிர்விக்கும். அந்தப் பாதுகாப்பை அணைக்கக் கூடாது. ரெவ் லிமிட்டர் பெட்ரோலை வெட்ட வேண்டும். கன்வெர்ட்டரைக் கண்காணிக்கும் சோதனையும் விழித்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறுப்பார்கள். “லைட் எரியும் சார், ஆஃப் பண்ணிரலாம்” என்பார்கள். வேண்டாம். நல்ல கன்வெர்ட்டர் என்றால் அந்தச் சோதனையில் தேறும்.

ஐந்தாம் படி: வேலை செய்கிறதா என்று பார்ப்பது

காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, வண்டியை நன்றாகச் சூடாக்கி, சீரான 60 கி.மீ. வேகத்தில் நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சென்சாரைப் பாருங்கள். 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அமைதியாக நின்றால் ஆக்சிஜன் சேமிப்பு நன்றாக இருக்கிறது. முன் சென்சாரோடு சேர்ந்து அதுவும் மேலும் கீழும் குதித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. சில நாளில் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று சொல்லும் பி0420 பிழைக் கோடு வரும்.

கோடு வந்தால் முதலில் கசிவு, அடுத்து மிஸ்ஃபயர், அதற்குப் பிறகு சென்சார், எல்லாம் சரியென்றால் கன்வெர்ட்டர். இந்த வரிசையில் போங்கள். சென்சாரைப் பைப்பிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது விளக்கை அணைக்கும், புகையைத் திருத்தாது. கன்வெர்ட்டர் தேறவில்லை என்றால் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் பியுசி என்ற புகைச் சான்றுச் சோதனை. பிஎஸ்4 மாசுத் தரத்துப் பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை அனுமதி. வேகத்தை 2,500 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றிப் பிடிக்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள் வர வேண்டும். பழைய கன்வெர்ட்டரோடு ஒருமுறை, புதியதோடு ஒருமுறை எடுத்து இரண்டு தாள்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் அளந்த அழுத்தத்தையும் இப்போது திரும்ப அளந்து பாருங்கள். செலவழித்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பது அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் தெரியும்.

அதன் பிறகு

எஞ்சின் ஆயில் குடித்தால் உடனே பாருங்கள். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் எரிந்தாலும் இதே கேடுதான். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலை ஒரு டேங்க்கூடப் போடாதீர்கள். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர். அன்று நான் செய்ததுபோல் வீடு வரை ஓட்டி வராமல், அங்கேயே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியை வரச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய கன்வெர்ட்டரைப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். எடைக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் உலோகத்தின் மதிப்பில் துளிகூட உங்களுக்கு வராது. வண்டியை விற்கும்போதோ, அதிகாரி யாராவது பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னாலோ அதுதான் வேண்டியிருக்கும். இரண்டு முனையையும் துணி சுற்றி அடைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். என்னுடையது வீட்டுப் பரணில், பழைய வெங்கலப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.